நாற்பது ஆண்டு அணிக்கு ஒரே ஒரு பெயர்

கேள்வி இது. கோத்தகிரி பக்கத்து எஸ்டேட் ஊர் கால்பந்து அணி ஒன்றுக்கு நாற்பது வயது ஆகிறது. ஆண்டு விழாவில் ‘அணியின் வரலாற்றிலேயே சிறந்த ஆட்டக்காரர்’ என்று ஒருவருக்கு மட்டும் கேடயம். மூன்று பெயர் அடிபடுகிறது: 1990-களில் கோல் கோலாகப் போட்ட சென்டர் ஃபார்வர்டு, பன்னிரண்டு சீசன் கோலில் நின்ற கோலி, மூன்றே சீசன் ஆடிவிட்டுச் சென்னை லீகுக்குப் போய்ப் பெயர் வாங்கிய விங்கர். வாட்ஸ்அப் குரூப்பில் ஓட்டு விட்டால் போதாதா? கூடவே, இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்பில் சிறந்தவர் டால்கிளிஷா ஜெரார்டா என்று டீக்கடையில் ஓயாமல் நடக்கும் சண்டைக்கும் ஒரு முடிவு கேட்டிருக்கிறீர்கள்.

வாட்ஸ்அப் ஓட்டு வேண்டாம். குரூப்பில் இருப்பவர்களின் வயதைத்தான் அது அளந்து காட்டும். 1995-ல் பத்து வயதுப் பையனாகக் கிரவுண்டு மேட்டில் உட்கார்ந்து அந்த ஃபார்வர்டைப் பார்த்தவனுக்கு இன்று நாற்பது ஆகிவிட்டது. அவரோடு தோளோடு தோள் நின்று ஆடியவர்கள் ஐம்பதைத் தாண்டியிருப்பார்கள். தேயிலை விலை விழுந்தபோது திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிப் போனவர்கள் அவர்களில் பலர் இருப்பார்கள். அவர்கள் உங்கள் குரூப்பில் இருக்க மாட்டார்கள்.

பெரிய கிளப்புக்கும் இதே கதிதான். லிவர்பூல் கிளப் தன் ரசிகர்களிடம் 2006-ல் ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. கென்னி டால்கிளிஷ் முதலிடம், ஸ்டீவன் ஜெரார்டு இரண்டாமிடம். 2013-ல் மறுபடி நடத்தினார்கள். ஜெரார்டு முதலிடத்துக்கு வந்துவிட்டார். நடுவில் டால்கிளிஷ் ஆடிய ஆட்டம் ஏதும் குறைந்துவிடவில்லை. ஜெரார்டு இன்னும் ஏழு சீசன் ஆடினார் என்பது உண்மைதான். ஆனாலும் ஐரோப்பிய அளவில் அவர் வாங்கிய இரண்டு கோப்பைகளும் (2001-ல் யூஇஎஃப்ஏ கோப்பை, 2005-ல் சாம்பியன்ஸ் லீக்) முதல் ஓட்டுக்கு முன்பே கைக்கு வந்துவிட்டவை. டால்கிளிஷை நேரில் பார்த்தவர்கள் கூட்டத்தில் குறைந்துபோனார்கள், அவ்வளவுதான்.

முதலில் எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறீர்கள் என்று கமிட்டி உட்கார்ந்து எழுதி வைக்க வேண்டும். ‘சிறந்த’ என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று கேள்வி இருக்கிறது. இந்தச் சட்டையைப் போட்டவர்களில் பந்தோடு அதிகக் கெட்டிக்காரர் யார்? இந்தச் சட்டையில் அதிக நாள், அதிக கோல், அதிகக் கோப்பை யாருக்கு? இவர் இல்லாமல் இருந்திருந்தால் அணி எவ்வளவு தாழ்ந்திருக்கும்? டீக்கடையில் நான்கு பேர் சண்டை போடும்போது ஒருவர் முதல் கேள்விக்கும் மற்றவர் மூன்றாவது கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் சண்டை முடிவதே இல்லை. ஓர் அணி தன் பெயரில் கொடுக்கும் கேடயத்துக்கு மூன்றாவது கேள்விதான் பொருந்தும் என்பது என் கட்சி.

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்து நாப்போலி கிளப்பைப் பாருங்கள். அந்தக் கிளப்புக்கு அதிக கோல் போட்டவர் டிரீஸ் மெர்டென்ஸ், 148. அடுத்து மாரெக் ஹாம்சிக், 121. மரடோனா 115-தான். எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கேடயம் கொடுத்தால் அது மெர்டென்ஸ் வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் நேப்பிள்ஸ் நகரில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். மரடோனா 1984-ல் வந்தபோது அந்தக் கிளப் ஒருமுறைகூட இத்தாலிய லீகை வென்றதில்லை. 1987-லும் 1990-லும் வென்றது; நடுவே 1989-ல் யூஇஎஃப்ஏ கோப்பை. அவர் போனபின் அடுத்த லீக் பட்டத்துக்கு 2023 வரை காத்திருந்தார்கள். அவருக்கு முன் என்ன, அவருக்குப் பின் என்ன என்று இரண்டு பக்கமும் பார்த்தால் நடுவில் இருப்பவரின் எடை தானாகத் தெரியும்.

டால்கிளிஷ் விஷயத்துக்கு வருவோம். 1977-ல் கெவின் கீகன் ஹாம்பர்குக்குப் போன இடத்துக்கு, செல்டிக் கிளப்பிலிருந்து 4,40,000 பவுண்டு கொடுத்து அவரை வாங்கினார்கள். 515 ஆட்டம், 172 கோல், ஆட்டக்காரராக ஆறு லீக் பட்டம், மூன்று ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்). 1978 இறுதியில் புரூஜ் அணிக்கு எதிராக விழுந்த ஒரே கோல் அவருடையது. 1986-ல் ஆட்டக்காரரும் மேனேஜரும் அவரே. செல்சி மைதானத்தில் அவர் போட்ட கோல்தான் லீகைக் கொண்டுவந்தது. முதுகைத் தடுப்பாட்டக்காரர் மேல் சாய்த்துப் பந்தை மறைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே இயான் ரஷ் ஓடும் வழியில் தட்டிவிடுவார். ரஷ் 1983–84 சீசனில் 47 கோல் போட்டார். அதில் டால்கிளிஷின் பங்கு எவ்வளவு என்று கோல் பட்டியலில் தெரியாது. லிவர்பூலின் மொத்த கோல் வரிசையில் ரஷ் (346) முதலிடத்தில் இருந்தும் ‘சிறந்தவர்’ பேச்சில் டால்கிளிஷுக்குப் பின்னால் நிற்பதன் காரணம் அதுதான்.

ஆனால் டால்கிளிஷ் வந்து சேர்ந்த அணி அதே ஆண்டு மே மாதம்தான் ஐரோப்பியக் கோப்பையை வென்றிருந்தது. சூனஸ், ஹான்சன், கிளமென்ஸ் என்று சுற்றிலும் ஆள் இருந்தது. ஜெரார்டுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. 2004–05 சீசனில் லிவர்பூல் லீகில் ஐந்தாமிடம், 58 புள்ளி. முதலிடத்து செல்சியைவிட 37 குறைவு. அந்த அணிதான் இஸ்தான்புல்லில் இடைவேளைக்கு 0–3 என்று பின்தங்கி, ஜெரார்டு தலையால் அடித்த கோலில் தொடங்கி 3–3 ஆக்கி, பெனால்டியில் கோப்பையைத் தூக்கியது. அடுத்த ஆண்டு எஃப்ஏ கோப்பை இறுதியில் வெஸ்ட் ஹாமுக்கு எதிராக 90 நிமிடம் கடந்தபின் தொலைவிலிருந்து அடித்துச் சமன் செய்ததும் அவரே. லீக் கோப்பை, எஃப்ஏ கோப்பை, யூஇஎஃப்ஏ கோப்பை, சாம்பியன்ஸ் லீக் ஆகிய நான்கின் இறுதியிலும் கோல் போட்டிருக்கிறார். லீக் பட்டம் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. 2014 ஏப்ரலில் செல்சிக்கு எதிராக அவர் கால் வழுக்கிய காட்சியை எதிர்க்கட்சி இன்றைக்கும் காட்டும்.

ஆக, பந்து விளையாட்டில் கெட்டிக்காரர் யார் என்று கேட்டால் டால்கிளிஷ். இவர் இல்லாமல் இருந்திருந்தால் என்று கேட்டால் ஜெரார்டு. கேடயத்துக்கு ‘இவர் இல்லாமல்’ என்ற மூன்றாவது கேள்விதான் என்று மேலே சொல்லிவிட்டதால், டீக்கடைத் தீர்ப்பு ஜெரார்டுக்கு. இதில் இன்னொரு பெயரை நுழைக்க வேண்டுமென்றால் பில்லி லிடெல். வயது இருபதுகளின் முதல் பாதியை இரண்டாம் உலகப் போர் தின்றது. அதற்குப் பிறகும் 534 ஆட்டம், 228 கோல். 1954-ல் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியபோதும் விட்டுப் போகவில்லை. அணியையே ‘லிடெல்பூல்’ என்று கூப்பிட்ட காலம் அது. அவரைப் பார்த்தவர்கள் ஓட்டுப் போட இல்லை என்பதால் பட்டியலில் கீழே கிடக்கிறார்.

உங்கள் விங்கருக்குப் பதில் குன்னூர் பக்கத்து வெலிங்டனிலேயே இருக்கிறது. அங்கே இருக்கும் ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பை என்ற தேசியக் கால்பந்துக் கோப்பையை வென்றது. கல்கத்தாவின் பெரிய கிளப்புகளும் ஹைதராபாத் போலீஸும் மாறி மாறித் தூக்கிக்கொண்டிருந்த பத்தாண்டில் இரண்டு முறை. அந்த அணியின் கோலி பீட்டர் தங்கராஜ். 1953-ல் சேரும்போது சென்டர் ஃபார்வர்டு; அதற்குப் பிறகுதான் கோலுக்குள் போனார். 1956 மெல்போர்ன், 1960 ரோம் இரண்டு ஒலிம்பிக் அணியிலும் இருந்தார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2–1 என்று வென்று தங்கம் வாங்கிய இறுதியில் கோலில் நின்றார். கல்கத்தாவில் முகமதன், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றிலும் ஆடினார். 1967-ல் அர்ஜுனா விருது.

இப்போது வெலிங்டன் அணியின் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் அவர் பெயரை முதலில் சொல்வது சரி. ஆனால் எதற்காகச் சொல்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். ஜகார்த்தா தங்கம் இந்தியாவின் கணக்கு. கல்கத்தாக் கோப்பைகள் அந்தந்தக் கிளப்பின் கணக்கு. வெலிங்டன் கணக்கில் ஏறுவது 1955-ம் 1958-ம்தான், அந்த அணியின் சட்டையில் அவர் ஆடிய ஆட்டங்கள்தான். தங்கராஜ் அந்தக் கணக்கை மட்டும் வைத்தாலும் தேறிவிடுவார். உங்கள் விங்கர் தேறுவாரா? சென்னை லீகில் அவர் போட்ட கோல் ஊருக்குப் பெருமை, அணியின் கணக்கில் வராது. அவரைத் தள்ளிவிட வேண்டியதில்லை. குறைந்தது ஐந்து சீசன், அல்லது பதினோரு பேர் ஆட்டம் 60 என்று ஒரு தகுதிக்கோடு போடுங்கள். அதை எல்லாப் பெயரும் வருவதற்கு முன்பே போட வேண்டும். பெயர்கள் வந்த பிறகு போட்டால், யாரையோ வெட்டத்தான் போட்டீர்கள் என்று பேச்சு வரும். கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு வேறு பெயரில் ஒரு கௌரவம் கொடுக்கலாம்.

கோடு போட்டாயிற்று என்றால் அடுத்து நோட்டு. 200 பக்கத்தில் நீளமான ஒரு நோட்டு வாங்கிப் பத்தி பிரியுங்கள்: தேதி, மைதானம், எதிரணி, எந்தப் போட்டி, எந்தச் சுற்று, முடிவு, கோல் போட்டவர், அதில் பெனால்டி எத்தனை, நம் கோலி யார், ஆடிய பதினொருவர். கடைசிப் பத்தி, இந்தத் தகவல் எங்கிருந்து வந்தது. அந்தப் பத்தியை விட்டுவிட்டால் மற்ற பத்தும் வெறும் வாய்ப்பேச்சு.

தகவல் கிடைக்கும் இடங்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். கிளப்பின் மினிட் புத்தகம், போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணம் கட்டிய ரசீது, பிட் நோட்டீஸ், மாவட்டப் பதிப்பு நாளிதழ்க் கத்தரிப்பு, எதிரணியின் நோட்டு. ரெஃப்ரிகள் பலர் பழைய சட்டைப்பை நோட்டை வீசாமல் வைத்திருப்பார்கள். அதில் கோல் போட்டவரின் சட்டை எண்ணும் நிமிடமும் இருக்கும். கேடயங்களின் பித்தளைத் தகட்டில் எழுத்து தேய்ந்திருந்தால் அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள், எழுத்து ஏறி வரும். சுழற்கேடயத்தில் பல ஆண்டுத் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று இருக்கும். உங்கள் ஆண்டைத் தனியாகப் பாருங்கள். குழுப் படங்கள் இந்த ஊர் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடே ஸ்கேன் செய்யுங்கள், அல்லது ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் சற்றுச் சாய்வாகப் படம் எடுங்கள்.

தவறு அதிகம் நுழையும் இடம் பெயர்தான். ‘கோல்: ராஜு’ என்று நோட்டில் இருக்கும். நாற்பது ஆண்டில் எத்தனை ராஜு? அப்பா பெயரின் முதலெழுத்து, ஹட்டி (படகர் ஊர்) அல்லது லயன் (எஸ்டேட் குடியிருப்பு வரிசை) பெயர் சேர்த்து எழுதுங்கள். ஒரு கோலுக்குக் குறைந்தது இரண்டு சாட்சி வேண்டும். இருவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது. எதிரணிக்காரர் ஒருவர் ஒப்புக்கொண்டால் அதுவே போதும். தோற்றவன் பொய் சொல்லி நமக்கு கோல் சேர்க்க மாட்டான்.

ஏழு பேர் ஆட்டத்தைத் தனி நோட்டில் எழுதுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் கேரளத்து மலப்புறத்தின் கால்பந்துக் காற்று வீசுவதால் செவன்ஸ் போட்டிதான் அதிகம். கோத்தகிரி அணிகளும் அங்கே போய் ஆடியிருக்கும். கிரவுண்டு சிறியது, நேரம் குறைவு, பல இடங்களில் ஆஃப்சைடும் பார்ப்பதில்லை. கோல் மழையாகக் கொட்டும். அதில் போட்ட 40 கோலைப் பதினோரு பேர் ஆட்டத்து 40 கோலோடு கூட்டி எழுதினால் கணக்கே பாழ். கெஸ்ட் பிளேயராக வேறு அணிக்குப் போய் ஆடியதும், வேறு ஊர்க்காரர் உங்களுக்கு கெஸ்டாக வந்து போட்டதும் சேராது.

ஃபார்வர்டை அளக்க வெறும் கோல் எண்ணிக்கை போதாது. ஆட்டத்துக்கு எத்தனை, அணியின் மொத்த கோலில் எத்தனை பங்கு என்று இரண்டும் பாருங்கள். கணக்கு புரிவதற்காக ஓர் உதாரணம்: ஒருவர் 140 ஆட்டத்தில் 96 கோல், அந்த 140 ஆட்டத்தில் அணி போட்டது 310. ஆட்டத்துக்கு 0.69, பங்கு 31 சதவீதம். இன்னொருவர் 70 ஆட்டத்தில் 54. அணி போட்டது 210. ஆட்டத்துக்கு 0.77, பங்கு 26 சதவீதம். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டாமவர் மேல். ஆனால் அவர் ஆடிய அணி யார் அடித்தாலும் கோல் விழும் அணி. முதலாமவர் இல்லாவிட்டால் அவர் அணிக்கு மூன்றில் ஒரு பங்கு கோல் இல்லை. பெனால்டியைக் கழித்துவிட்டு இதையே மறுபடி போடுங்கள். சில பெரிய பெயர்கள் அங்கே சுருங்கும்.

மலை ஊருக்கு மட்டும் உள்ள ஒரு தள்ளுபடியும் உண்டு. குன்னூர் 1,850 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் குன்னூரில் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கும் ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கும் குறைவு. பந்தைப் பிடித்து இழுக்கும் காற்று குறைவதால் தொலைவிலிருந்து அடித்த பந்து வேகம் குறையாமல் வரும். வளைத்து அடித்தால் எதிர்பார்த்த அளவு வளையாது. சமவெளியில் பழகிய கோலி பந்து வரும் நேரத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டுக் கையை நீட்டும்போது அது வலைக்குள் இருக்கும். அதோடு மேட்டுப்பாளையத்திலிருந்தோ கோவையிலிருந்தோ காலையில் பஸ் ஏறி வந்து மதியம் ஆடும் அணிக்குக் கடைசி இருபது நிமிடம் மூச்சு வாங்கும். உடம்பு பழக நாள் கணக்கில் ஆகும், ஒரு டீ குடித்தால் ஆகாது. ஆகவே கோல் பட்டியலை உள்ளூர், வெளியூர் என்று பிரியுங்கள். சொந்தக் கிரவுண்டில் சமவெளி அணிக்கு எதிராகக் கடைசி இருபது நிமிடத்தில் விழுந்த கோலுக்கும், கீழே இறங்கிப் போய் அவர்கள் வெயிலில் போட்ட கோலுக்கும் ஒரே விலை கிடையாது. வெளியூர் கோல் விகிதம் உள்ளூர் விகிதத்தில் பாதிக்கும் கீழே இருந்தால் அந்த ஃபார்வர்டைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மண்ணை வெட்டிச் சமன் செய்த கிரவுண்டுகளில் ஒரு பக்கம் சரிவு இருக்கும். எந்தப் பாதியில் எந்தப் பக்கம் என்று நோட்டில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். இருபுறமும் மாறி மாறி ஆடுவதால் அது தானே சரியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆடியதும் பனிமூட்டத்தில் பாதியில் நின்றதும் வேறு. நிறுத்தப்பட்ட ஆட்டத்தின் கோலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இனி கோலி. இந்தச் சண்டைகளில் கோலிக்கு அநியாயம் நடப்பது ஏன் என்றால், ஃபார்வர்டு செய்ததற்கு எண் உண்டு, கோலி தடுத்ததற்கு எண் இல்லை. லிவர்பூலே சாட்சி: 1978–79 லீக் சீசனில் 42 ஆட்டத்தில் அவர்கள் வாங்கியது 16 கோல்தான். அந்த கோலி ரே கிளமென்ஸ். ‘சிறந்தவர்’ ஓட்டில் அவர் முதலிடத்துக்குப் பக்கத்தில்கூட வந்ததில்லை.

கோலியை அளக்க எளிய வழி, அவர் நின்ற ஆட்டம், நிற்காத ஆட்டம் என்று இரண்டாகப் பிரிப்பது. மறுபடியும் ஓர் உதாரணக் கணக்கு: அவர் நின்ற 130 ஆட்டத்தில் வாங்கியது 104 கோல், ஆட்டத்துக்கு 0.8. அதே பன்னிரண்டு சீசனில் வேறு ஆள் நின்ற 50 ஆட்டத்தில் 75 கோல், ஆட்டத்துக்கு 1.5. வித்தியாசம் 0.7. ஆட்டத்துக்கு 0.69 கோல் போடும் ஃபார்வர்டுக்கு இவர் ஒரு மயிரிழையும் குறைவில்லை. ஆனால் அந்த ஃபார்வர்டு இல்லாவிட்டால் இன்னொருவர் கொஞ்சமாவது போட்டிருப்பார், கோலியின் 0.7 ஏற்கெனவே மாற்று ஆளோடு ஒப்பிட்டு வந்தது. இந்த ஒரு வரியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கு மூன்று இடத்தில் சறுக்கும். மாற்று கோலி நின்ற ஆட்டம் இருபதுக்குக் கீழே இருந்தால் எண்ணை நம்பாதீர்கள். மாற்று கோலியை நட்பு ஆட்டங்களுக்கு மட்டும் இறக்கியிருந்தால் அது ஒப்பீடே இல்லை. முக்கியமான ஸ்டாப்பர் பேக்கும் (நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்) அதே நாளில் ஆடாமல் இருந்தால் பழி யார் மேல் என்று பிரிக்க முடியாது. அந்த ஆட்டங்களை எடுத்துவிடுங்கள். பெனால்டியில் பொதுவாக நாலில் மூன்று கோலாகிவிடும். அதனால் இருபது பெனால்டியில் எட்டைத் தடுத்தவர் என்றால் பெரிய விஷயம். டை பிரேக்கரில் தடுத்ததை வேறாக எழுதுங்கள். இன்னொன்று: காலால் திருப்பிக் கொடுத்த பந்தைக் கோலி கையில் எடுக்கக் கூடாது என்ற விதி 1992-ல்தான் வந்தது. உங்கள் அணி பிறந்த காலத்துக் கோலியும் பிற்காலத்துக் கோலியும் ஆடியது கொஞ்சம் வேறு வேறு ஆட்டம்.

ஸ்டாப்பர் பேக், நடுக்களத்து ஹாஃப் ஆட்டக்காரர்கள் பெயர் ஒன்றுகூட உங்கள் மூன்றில் இல்லை. ஏன் என்று கமிட்டியில் ஒருமுறையாவது கேளுங்கள். மிலான் கிளப்பில் இதே பேச்சு வந்தால், 201 ஆட்டத்தில் 125 கோல் போட்ட வான் பாஸ்டனை வைத்துக்கொண்டே பரேசி, மால்டினி என்ற இரண்டு தடுப்பாட்டக்காரர்களைத்தான் முதலில் சொல்வார்கள். மால்டினி 902 ஆட்டம். ஜகார்த்தா தங்கத்திலும் இறுதியில் கோல் போட்ட இருவரில் ஒருவர் ஜர்னைல் சிங். அவர் பிழைப்பே தடுப்பாட்டம். தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்ததால் முன்வரிசைக்கு மாற்றப்பட்டவர்.

எண்கள் வந்தபின் முடிவு நடுவர்கள் கையில். எடைபோட்டு நூற்றுக்கு மதிப்பெண் கொடுக்கும் அட்டவணை போடாதீர்கள். கோப்பைக்கு 40, கோலுக்கு 30 என்று எடையை வைக்கும்போதே யார் ஜெயிப்பார் என்று வைத்தாயிற்று. ஒன்பது நடுவர் போதும். 1985–95, 1995–2005, அதற்குப் பின் என்று ஒவ்வொரு காலத்துக்கும் இரண்டு பேர், எதிரணியில் ஆடியவர் இருவர், பழைய ரெஃப்ரி ஒருவர். கீழே திருப்பூரில் இருப்பவரையும் போனில் சேர்க்கலாம். போட்டியில் இருப்பவரின் மச்சான், பங்காளி, சம்பந்தி யாரும் வேண்டாம். சின்ன ஊரில் இதற்கே பாதி நேரம் போகும். நோட்டின் நகலை ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் கொடுங்கள். தனித்தனியாக, சீட்டில், எல்லாப் பெயரையும் வரிசைப்படுத்தி எழுதச் சொல்லுங்கள். கூடிப் பேசிவிட்டு எழுதினால் குரல் பெரியவர் சொன்னதுதான் வரும்.

எண்ணும்போது முதலிடத்தை மட்டும் எண்ணக் கூடாது. காரணம் இது. நான்கு பேர் ஃபார்வர்டு, கோலி, விங்கர் என்று எழுதுகிறார்கள். மூன்று பேர் விங்கர், கோலி, ஃபார்வர்டு. இரண்டு பேர் கோலி, விங்கர், ஃபார்வர்டு. முதலிடத்தை மட்டும் எண்ணினால் ஃபார்வர்டு 4, விங்கர் 3, கோலி 2, கேடயம் ஃபார்வர்டுக்கு. ஆனால் இரண்டிரண்டு பேராக நிறுத்திப் பாருங்கள். கோலியா ஃபார்வர்டா? ஐந்து பேர் கோலியை மேலே எழுதியிருக்கிறார்கள், நான்கு பேர் ஃபார்வர்டை. கோலியா விங்கரா? ஆறுக்கு மூன்று. கோலி இருவரையும் நேருக்கு நேர் ஜெயிக்கிறார், முதலிட ஓட்டு மிகக் குறைவாக வாங்கியவர் அவர்தான் என்றாலும். இப்படி இரண்டிரண்டாகப் பார்த்து எல்லோரையும் ஜெயிப்பவருக்குக் கொடுங்கள். யாரும் எல்லோரையும் ஜெயிக்காமல் வட்டமாகச் சுற்றினால் மட்டும் முதலிடம் 3, இரண்டாமிடம் 2, மூன்றாமிடம் 1 என்று புள்ளி கூட்டுங்கள். மேலே உள்ள உதாரணத்தில் அந்த வழியிலும் கோலி 20, மற்ற இருவரும் 17.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னால், பன்னிரண்டு சீசன் நின்ற கோலிக்குத்தான் என் ஓட்டு சாய்கிறது. விங்கர் மூன்று சீசனில் தகுதிக்கோட்டைத் தாண்ட வேண்டுமென்றால் 60 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும், அது கடினம். ஃபார்வர்டின் வெளியூர் கோல் எண்ணிக்கை நன்றாக இருந்தால் மட்டும் அவர் கோலியை நெருங்குவார். அந்தப் பத்தியை முதலில் நிரப்புங்கள்.

பெயரை விழா மேடையில் உறையைப் பிரித்து அறிவிக்க வேண்டாம்; மூன்று பேர் வீட்டுக்கும் முந்தின நாளே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். கேடயத்தில் ‘எக்காலத்திலும் சிறந்தவர்’ என்று மட்டும் பொறித்தால் அடுத்த பத்தாண்டில் வரும் பையன்களுக்கு அது வெறும் பித்தளை. பெயருக்குக் கீழே ஆடிய ஆண்டுகள், ஆட்ட எண்ணிக்கை, வாங்கிய கோல், தேர்வு நடந்த ஆண்டு நான்கையும் பொறியுங்கள். பொறிப்பவரிடம் எழுத்தை வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுங்கள், தலைப்பெழுத்து மாறினால் வேறு ராஜுவுக்குப் போய்விடும்.